கனடாவில் எங்கள் மாதிரிச் சிறு சங்கத்துக்கு மானியம் கிடைக்குமா? எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இது: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் சின்னதாக ஒரு சங்கம். வாரம் ஒருநாள் முதியவர்கள் கூடுகிறார்கள், சனிக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, கோடையில் ஒன்றுகூடல். எல்லாம் கைக்காசு, இல்லாவிட்டால் வருடாந்த இராப்போசன விருந்தில் சேரும் காசு. மானியம் எடுக்கலாம் என்கிறார்களே, யாரிடம் கேட்பது?

எடுக்கலாம். நான் சில வருடங்களாக இங்கே இரண்டு மூன்று சங்கங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன். சம்பளத்துக்கு இல்லை, தெரிந்தவர்கள் கேட்பதால். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மானியப் பட்டியலைத் தேடி இணையத்தில் இரவிரவாக உட்காருவதற்கு முன்னால் உங்கள் சங்கத்தின் கோப்பை எடுத்து மேசையில் வையுங்கள். காகிதத்தில் நீங்கள் யார் என்பதுதான் எந்தக் கதவு திறக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. நீங்கள் எவ்வளவு நல்ல வேலை செய்கிறீர்கள் என்பது அதற்குப் பிறகுதான் வரும்.

காகிதத்தில் மூன்று விதமாக இருக்கலாம். ஒன்று, எந்தப் பதிவும் இல்லாத குழு. இரண்டு, மாகாண அரசிடமோ மத்திய அரசிடமோ இன்கொர்ப்பரேட் செய்த, அதாவது சட்டப்படி நிறுவனமாகப் பதிந்த நொன்-புரொபிட், இலாப நோக்கற்ற அமைப்பு. மூன்று, கனடா வருவாய் முகமை, அதாவது சிஆர்ஏ, பதிவுசெய்த சரிட்டி, அறப்பணி அமைப்பு. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். "எங்களுக்கு நம்பர் இருக்கு" என்பார்கள். எடுத்துப் பார்த்தால் அது வெறும் இன்கொர்ப்பரேஷன் நம்பர். சரிட்டி நம்பர் என்பது ஒன்பது இலக்கம், அதற்குப் பின்னால் ஆர்ஆர், அதற்குப் பின்னால் 0001 போல நான்கு இலக்கம். அந்த ஆர்ஆர் இல்லாமல் நன்கொடைக்கு வருமானவரிப் பற்றுச்சீட்டு எழுதக்கூடாது.

இன்கொர்ப்பரேட் செய்வது பெரிய விஷயமில்லை. மத்தியில் இணையவழியாகச் செய்தால் கட்டணம் 200 டொலர், ஒன்ராறியோவில் 155. ஒன்ராறியோவில் புதிய இலாப நோக்கற்ற நிறுவனச் சட்டம் 2021 ஒக்டோபர் 19 அன்று நடைமுறைக்கு வந்தது. பழைய சங்கங்கள் தங்கள் யாப்பை, அதாவது சங்க விதிகளை, அதற்கேற்ப மாற்றிக்கொள்ள மூன்று வருடம் கொடுத்திருந்தார்கள், அதுவும் முடிந்துவிட்டது. உங்கள் யாப்பு 1990களில் யாரோ தட்டச்சு செய்து வைத்ததாக இருந்தால் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

சரிட்டி பதிவு வேறு கதை. வறுமை நிவாரணம், கல்வி, சமயம், சமூகத்துக்குப் பயன்படும் வேறு நோக்கங்கள் என்ற நான்கு தலைப்புகளில் ஒன்றுக்குள் உங்கள் நோக்கம் அடங்க வேண்டும். அங்கத்தவர்கள் கூடிச் சிரித்துப் பேசிச் சாப்பிடுவது இதில் சேராது. பதிவு கிடைத்த பிறகும் ஒவ்வொரு வருடமும் நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் டி3010 என்ற படிவத்தை அனுப்ப வேண்டும். அனுப்பாமல் விட்டு பதிவையே இழந்த சங்கங்கள் உண்டு. ஆனால் சரிட்டி ஆகாமல் மானியமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் சங்கத்துக்கு இப்போதைக்கு நொன்-புரொபிட் போதும் என்பது என் அபிப்பிராயம்.

ஏன் என்றால், முதியவர்களை வைத்து நடத்தும் சங்கத்துக்கு முதலில் போக வேண்டிய இடம் மத்திய அரசின் நியூ ஹொரைசன்ஸ் திட்டம். அதற்கு சரிட்டி நம்பர் தேவையில்லை. சமூகத் திட்டங்களுக்கு 25,000 டொலர் வரை, ஒரு வருடத்தில் முடிக்க வேண்டும். சில சுற்றுகளில் 5,000 டொலர் வரை சிறு மானியமும் இருந்திருக்கிறது. வழக்கமாக வருடத்தில் ஒருமுறைதான் அழைப்பு வரும். அதைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான். ஒன்ராறியோ அரசிடமும் முதியோருக்கென்று 1,000 முதல் 25,000 டொலர் வரை ஒரு சமூக மானியம் இருக்கிறது.

நியூ ஹொரைசன்ஸ் விண்ணப்பத்தில் நம்மவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற விண்ணப்பங்களிலும் இதே இடத்தில்தான் சறுக்கல். "எமது பண்பாட்டைப் பேணி, முதியோரின் மனமகிழ்வை வளர்த்து" என்று தொடங்கி அரைப் பக்கம் எழுதியிருப்பார்கள். வாசிக்கும் அதிகாரிக்கு அதில் பிடிக்க ஒன்றுமில்லை. அதே சங்கத்தில் உண்மையில் நடப்பது என்ன? எழுபது தாண்டிய அம்மாமார், பகலில் பிள்ளைகள் வேலைக்குப் போனபின் வீட்டில் தனியாக இருக்கிறார்கள். டொக்டரின் அலுவலகத்திலிருந்து வரும் குறுஞ்செய்தியைத் திறக்கத் தெரியாது, பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தால் வரும்வரை காத்திருக்கிறார்கள். அப்படியானால் இப்படி எழுதுங்கள்: செவ்வாய்க்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, முப்பது பேர், கைபேசியில் மருத்துவ முன்பதிவு, பஸ் நேரம் பார்ப்பது, வங்கி என்று நடித்துக் காசு கேட்டு வரும் அழைப்பைக் கண்டுபிடிப்பது. சொல்லிக் கொடுப்பவர் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியர், அவரும் அங்கத்தவர். இந்தக் கடைசி வரி முக்கியம். இந்தத் திட்டம் முதியவர்கள் தாங்களே முன்னின்று நடத்துவதையோ அவர்களுடைய யோசனையில் பிறந்ததையோ கேட்கிறது. பிள்ளைகள் திட்டம் போட்டு அப்பா அம்மாவைக் கதிரையில் உட்கார வைக்கும் நிகழ்ச்சிக்குப் புள்ளி விழாது.

வரவு செலவுத் திட்டத்திலும் இதே கதைதான். "நிகழ்ச்சிச் செலவு 8,000" என்று ஒற்றை வரி போட்டால் யார் கொடுப்பார்கள்? மண்டப வாடகை ஒரு நாளுக்கு எவ்வளவு, எத்தனை நாள், டாப்லெட் ஒன்று என்ன விலை, எத்தனை வாங்குகிறீர்கள், தேநீர் வடைக்கு ஒருவருக்கு எவ்வளவு என்று பெருக்கிக் காட்டுங்கள். தொண்டர்களின் மணிநேரத்தையும், கோயில் இலவசமாகத் தரும் மண்டபத்தையும் பணமில்லாத பங்களிப்பாகக் கணக்கில் காட்டலாம். நம்மவர்கள் இதை வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். ஏற்கெனவே செலவழித்த காசைத் திரும்பக் கேட்க முடியாது என்பதையும் பொருளாளரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அடுத்தது ஒன்ராறியோ ட்ரில்லியம் அறக்கட்டளை. 1982இல் தொடங்கிய மாகாண அரசின் முகவர் அமைப்பு, வருடத்துக்கு நூறு மில்லியன் டொலருக்கு மேல் கொடுக்கிறது. அண்மைய சுற்றுகளில் புதிய முயற்சிகளுக்கான சீட் மானியம் 10,000 முதல் 100,000 டொலர் வரை இருந்தது. கட்டடத் திருத்தம், உபகரணம் போன்றவற்றுக்குத் தனி மானியம். இங்கே கோப்பு இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று பேர் கொண்ட, ஒருவருக்கொருவர் உறவோ வியாபாரத் தொடர்போ இல்லாத நிர்வாகசபை வேண்டும் என்று கேட்கிறார்கள். நம்ம சங்கங்களில் தலைவரும் பொருளாளரும் மச்சான் மச்சான், செயலாளர் தலைவரின் மனைவி. ஊருக்குள் அதை யாரும் கேட்க மாட்டார்கள், விண்ணப்பத்தைப் பார்ப்பவர் கேட்பார். பொதுக்கூட்டக் குறிப்பு, கணக்கறிக்கை, சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, இவை இல்லாமல் அங்கே போவது நேர விரயம்.

கோயில்களும் தேவாலயங்களும் கேட்பதுண்டு. பூசைக்கும் ஆராதனைக்கும் பொது மானியங்கள் வராது. ஆனால் அதே கோயில் மண்டபத்தில் எல்லோருக்கும் திறந்த உணவு வங்கியோ முதியோர் உடற்பயிற்சியோ நடந்தால் அந்த வேலைக்குக் கேட்கலாம்.

அப்புறம், ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று. நான் மேலே சொன்ன மானியங்கள் இங்கே நடக்கும் வேலைக்கு மட்டும்தான். பிறந்த ஊரில் உள்ள பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடவோ, புலமைப்பரிசில் கொடுக்கவோ அந்தக் காசு போகாது. அதற்கு உங்கள் விருந்துக் காசுதான். நீங்கள் சரிட்டியாக இருந்தால் அந்தக் காசை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் சிஆர்ஏ விதிகள் உண்டு, "நம்பிக்கையான ஆளிடம் கொடுத்தோம்" என்பது அங்கே எடுபடாது.

தனியார் அறக்கட்டளைகளைப் பற்றிக் கேட்டால், அங்கேதான் அந்த ஆர்ஆர் நம்பர் உண்மையில் பெறுமதியாகிறது. வருமானவரிச் சட்டப்படி அவை நீண்டகாலம் தகுதிபெற்ற பெறுநர்களுக்கு, பெரும்பாலும் பதிவுபெற்ற சரிட்டிகளுக்கு மட்டுமே கொடுக்க முடிந்தது. 2022இல் சட்டம் மாறி, உரிய கணக்கும் கண்காணிப்பும் இருந்தால் மற்ற அமைப்புகளுக்கும் கொடுக்கலாம் என்றானது. ஆனாலும் அந்தக் கணக்கு வேலைக்குப் பயந்து பல அறக்கட்டளைகள் இன்னும் பழைய வழியிலேயே போகின்றன. 2023 தொடக்கத்திலிருந்து, சொந்த வேலைக்குப் பயன்படுத்தாமல் சரிட்டிகள் வைத்திருக்கும் சொத்தில் ஒரு மில்லியன் டொலருக்கு மேற்பட்ட பகுதிக்கு வருடம் 5 வீதம் செலவழித்தாக வேண்டும், முன்பு அது 3.5 வீதம். அதாவது பெரிய அறக்கட்டளைகள் முன்பைவிடக் கூடுதலாக வெளியே விட வேண்டிய நிலை.

யார் கொடுப்பார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, காசு செலவில்லை. நான் சொன்ன டி3010 படிவம் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தது. சிஆர்ஏயின் சரிட்டி பட்டியலில் ஒரு அறக்கட்டளையின் பெயரைப் போட்டால், அது போன வருடம் எந்த அமைப்புக்கு எத்தனை டொலர் கொடுத்தது என்று வரிசையாக வரும். அவர்களுடைய இணையத்தளத்தில் "பன்முகச் சமூகங்களை வலுப்படுத்துகிறோம்" என்று அழகாக இருக்கும். படிவத்தைத் திறந்தால் முழுக்க மருத்துவமனையும் பல்கலைக்கழகமும். அங்கே விண்ணப்பம் எழுதி மினக்கெட வேண்டாம். மாறாக, உங்களைப் போன்ற இரண்டு சிறு அமைப்புகளுக்கு ஐயாயிரம், பத்தாயிரம் கொடுத்திருந்தால் அதே அளவு தொகையைக் கேளுங்கள். இமாஜின் கனடா அமைப்பின் கிராண்ட் கனெக்ட் தரவுத்தளத்தில் இந்தத் தேடல் இன்னும் சுலபம். சந்தா விலை அதிகம், ஆனால் சில பொது நூலகங்களில் இலவசமாகப் பார்க்கலாம்.

சமூக அறக்கட்டளைகள் என்று ஒரு வகை உண்டு, ஊருக்கு ஊர், அந்த ஊரவரின் நன்கொடையைச் சேர்த்து அங்கேயே மானியமாகக் கொடுப்பவை. கனடாவில் முதலாவது 1921இல் வினிபெக்கில் தொடங்கியது, இப்போது நாடு முழுவதும் இருநூறுக்குமேல். வன்கூவர் அறக்கட்டளையின் அயலவர் சிறு மானியத் திட்டத்தில் பதிவே இல்லாத தனிநபர்கள்கூட 500 டொலர் வரை எடுத்து தெருவில் ஒரு கூடலோ தோட்டமோ செய்திருக்கிறார்கள். மேற்கில் வேறு வழிகளும் உண்டு. அல்பேர்ட்டாவில் சமூக அமைப்பின் தொண்டர்கள் இரண்டு நாள் கசினோவில், அதாவது சூதாட்ட விடுதியில், நின்று வேலை செய்தால், அந்தக் காலாண்டு வருமானத்தில் அமைப்புக்குப் பங்கு. தலைவர் கசினோவில் நின்றதற்குப் பாராட்டு வாங்குவது அங்கே மட்டும்தான்.

கலை நிகழ்ச்சி செய்பவர்களாக இருந்தால், ரொறன்ரோ கலை மன்றமும் ஒன்ராறியோ கலை மன்றமும் பதிவில்லாத கலைஞர் குழுக்களுக்குக்கூடத் திட்டங்கள் வைத்திருக்கின்றன. வேறு வேலை செய்யும் பதிவில்லாத குழு என்றால் ஒரு சரிட்டியின் நிழலில் கேட்கலாம். காசு அவர்கள் கணக்குக்கு வரும், பொறுப்பும் அவர்களுடையது, நிர்வாகச் செலவென்று ஒரு வீதம் எடுப்பார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம், நட்பும் போய்விடும்.

கோடையில் இளையவர் ஒருவரை வேலைக்கு வைக்க மத்திய அரசின் கனடா சமர் ஜொப்ஸ் திட்டம். பதினைந்து முதல் முப்பது வயதுக்குள் உள்ளவருக்கு, நொன்-புரொபிட் என்றால் மாகாண ஆகக்குறைந்த சம்பளத்தை முழுவதுமாகவே தரலாம். விண்ணப்பம் முந்தைய வருடம் நவம்பர், டிசம்பர் வாக்கில் வரும். ஜூனில் யோசித்தால் பயனில்லை.

தமிழ் வகுப்புக்கு மட்டும் மானியம் தேடாதீர்கள். ஒன்ராறியோவில் பள்ளிச் சபைகள் மாகாண நிதியில் சர்வதேச மொழி வகுப்புகள் நடத்துகின்றன, தமிழும் அதில் இருக்கிறது. போதிய பெற்றோரின் பெயர்களைச் சேர்த்துக்கொண்டு சபையிடம் போனால் வகுப்பறையும் ஆசிரியர் சம்பளமும் அவர்கள் பாடு.

ஒரு எச்சரிக்கை. "நான் எழுதித் தருகிறேன், கிடைத்தால் பத்து வீதம்" என்று வருபவர்கள் இருக்கிறார்கள். நிதி திரட்டும் தொழில் செய்பவர்களின் சர்வதேசச் சங்கத்தின் ஒழுக்கக் கோவையே வீதக் கணக்கில் கூலி வாங்குவதைத் தடைசெய்கிறது. மானியத் தொகையிலிருந்து அந்தக் கூலியைக் கொடுக்கவும் பெரும்பாலான இடங்களில் அனுமதியில்லை, பிறகு அறிக்கை எழுதும்போது அந்தக் காசை எங்கே காட்டுவீர்கள்? எழுதிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் மணிக்கணக்கில் பேசிக் கொடுங்கள், அதுவும் சங்கத்தின் சொந்தக் காசில். நியூ ஹொரைசன்ஸுக்கு அழைப்பு வரும்போது இலவச விளக்கக் கூட்டங்கள் நடத்துகிறார்கள், செயலாளரை மட்டும் அனுப்பாமல் பொருளாளரையும் சேர்த்து அனுப்புங்கள்.