பர்மால வீசைன்னா எத்தனை கிலோ? நம்ம ஊர் வீசையும் அதுவும் ஒண்ணுதானா?

ஒண்ணு இல்லங்க. பழைய மெட்ராஸ் வீசை 40 பலம், கிட்டத்தட்ட 1.4 கிலோ வரும். யாங்கோன் மார்க்கெட்ல வெங்காயம் மீன் கறின்னு எது வாங்கினாலும் இன்னைக்கும் தராசுல ஏறுறது 1.63 கிலோ வீசை, பர்மாக்காரங்க பெய்த்தாம்பாங்க, 100 ச்சத்தா ஒரு பெய்த்தா. வெள்ளைக்காரன் கணக்குல இந்த பெய்த்தாவுக்கு விஸ்னு எழுதி வச்சது நம்ம வீசைங்கிற பேரத்தான், பேரு மட்டும் நம்மளது, எடை வேற. ஊர்லேருந்து வர்ற சொந்தக்காரங்க தாத்தா காலத்து வீசைய மனசுல வச்சுக்கிட்டு விலை ஜாஸ்தின்னு மீன்காரம்மாகிட்ட மல்லுக்கு நிப்பாங்க, மொழிபெயர்க்கிறதுக்கு நான்தான் நடுவுல.

2013ல மெட்ரிக்குக்கு மாறப்போறோம்னு அரசாங்கம் சொல்லிச்சு. மீன்காரம்மா இன்னும் மாறல.

அரிசிக்கு வந்தீங்கன்னா இன்னும் கூத்து. சில்லறைல நம்ம படி மாதிரி ப்யீன்னு ஒரு அளவு, அதுக்குக் கீழ என்னன்னா காலி பால் டப்பா, நிஜமாத்தான், கண்டென்ஸ்டு மில்க் டப்பால 8 தடவை தலை தட்டிப் போட்டா ஒரு ப்யீ. 16 ப்யீ சேந்தா ஒரு தின், அதாவது ஒரு கூடை. கூடைங்கிறது கொள்ளளவுதானே, அதனால எடை சரக்குக்குத் தகுந்த மாதிரி ஓடும்: நெல்லுன்னா 46 பவுண்டு, அரிசின்னா 75, வேர்க்கடலைன்னா 25தான். எங்க பெரியப்பா மண்டி வச்சிருந்தாரு, போன்ல யாராவது "நூறு தின்"அப்படின்னு ஆரம்பிச்சாலே "மொதல்ல நெல்லா அரிசியா சொல்லுப்பா"ம்பாரு, அதுக்கப்புறம்தான் விலையே பேசுவாரு.

நகை வாங்குற ஐடியா இருந்தா இத நல்லா படிச்சுக்கோங்க. இங்க பவுன் கணக்கு கிடையாது, தங்கத்துக்கும் ச்சத்தாதான், ஒரு ச்சத்தா 16.33 கிராம், ரெண்டு பவுனுக்குக் கொஞ்சம் கூட. அத 16ஆ பிரிச்சா ஒரு பே. வம்பு என்னன்னா தரத்தையும் பேலயே சொல்வாங்க, 16 பேன்னா சொக்கத் தங்கம், 15 பேன்னா கொஞ்சம் கலப்பு. கடைக்காரர் மொட்டையா "பதினஞ்சு பே"ன்னா எடைய சொல்றாரா தரத்த சொல்றாரான்னு புது ஆளுக்கு சத்தியமா புரியாது. வெட்கப்படாம ரெண்டையும் தனித்தனியா கேளுங்க, ரசீதுல கிராம்லயும் எழுதித் தரச் சொல்லுங்க.