சோற்றை வேகும் முன் நிறுக்க வேண்டுமா, வெந்த பிறகா?

கலோரி கணக்குக்காக கிச்சன் தராசு வாங்கியிருக்கிறீர்கள், சோற்றை எப்போது நிறுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரிதான். ஆனால் கலோரி கணக்குச் செயலியில் தேர்ந்தெடுத்தது அரிசியா சோறா என்று பாருங்கள், ஏனென்றால் 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி, அதே அளவு சோற்றில் சுமார் 130தான், தண்ணீர் ஏறிவிடுகிறதே. வீட்டுக்கே சேர்த்துப் பொங்கும்போது சோற்றை நிறுப்பதுதான் லேசு: தட்டை வைத்து, டேர் பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கிவிட்டுப் பரிமாறுங்கள்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் சோற்றைவிடத் தேங்காய்தான் ஆளை ஏமாற்றும். 100 கிராம் துருவலில் ஏறக்குறைய 350 கலோரி, அது மீன் குழம்பில் அரைந்து கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். அதனால் தேங்காய், மீன், எண்ணெய் எல்லாவற்றையும் பச்சையாக நிறுத்து மொத்தக் கலோரியைக் கூட்டிக்கொள்ளுங்கள், காலிச் சட்டியின் எடையையும் முதலிலேயே குறித்துவையுங்கள், வெந்ததும் சட்டியோடு நிறுத்து அந்த எடையைக் கழித்தால் குழம்பின் எடை கிடைக்கும், அப்புறம் உங்கள் கிண்ணத்தில் விழுவது அதில் எத்தனை பங்கோ கலோரியும் அத்தனை பங்கு. மண்சட்டி கனம், ஆகவே 5 கிலோ தாங்கும் தராசு நல்லது.

எண்ணெய்க்கு ஸ்பூன் கணக்கை நான் நம்புவதில்லை. பாட்டிலைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள், ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். கழித்தல் குறியோடு வரும் எண்தான் ஊற்றிய அளவு, கிராமுக்குச் சுமார் 9 கலோரி.

மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, தோல் உரித்த பிறகு நிறுங்கள், பச்சையாக 100 கிராமுக்கு 160 கலோரி. மட்டி வாழைப்பழமும் தோல் இல்லாமல்தான். கீரையையும் வெள்ளரிக்காயையும் நிறுக்காமல் விட்டுவிடலாம்.