பன்றி நோய்களைப் படிக்க விரும்பும் மகள்: களுவாஞ்சிகுடித் தாயார் ஒருவருக்கு

அன்புள்ள அம்மா,

உயர்தர உயிரியல் பிரிவில் தோற்றிய உங்கள் மகளுக்கு மருத்துவ பீடம் கிடைக்காமற் போகலாம் என்றும், கால்நடை மருத்துவம் கிடைத்தால் பன்றி நோய்களிலேயே தேர்ச்சி பெறப்போவதாக அவர் பிடிவாதமாக இருக்கிறார் என்றும், சொந்தபந்தங்களுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் தவிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இலங்கையில் பன்றி வைத்தியத்துக்கெனத் தனியான இளமாணிப் பட்டம் இல்லை. கால்நடை மருத்துவப் பட்டத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகம் மட்டுமே வழங்குகிறது. மாடு, ஆடு, கோழி, நாய், பன்றி அனைத்தையும் படித்த பின்னரே ஒருவர் ஒன்றில் ஆழ்ந்து செல்ல முடியும். களுவாஞ்சிகுடி அமைந்துள்ள மட்டக்களப்பு மாவட்டம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால், பல்கலைக்கழக இடங்களில் 55 சதவீத மாவட்ட ஒதுக்கீட்டுடன், பின்தங்கிய மாவட்டங்களுக்கான மேலதிகமான 5 சதவீதத்திலும் அவருக்கு வாய்ப்புண்டு.

மகளின் ஆர்வம் வெறும் விளையாட்டுத்தனம் அன்று. 2024 ஒக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் உறுதிப்படுத்தப்பட்டது. அது மனிதரைத் தொற்றாது; ஆனால் அதற்குச் சிகிச்சை இல்லை, கடுமையாகத் தாக்கினால் பண்ணையில் ஏறத்தாழ எல்லாப் பன்றிகளும் இறந்துவிடும். கடும் காய்ச்சலும், காதிலும் வயிற்றிலும் படரும் செந்நீல நிறமும் வேறொரு நோயான சாதாரண பன்றிக் காய்ச்சலிலும் தோன்றுவதால், கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. உரிய நேரத்தில் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பும் வைத்தியரின் முடிவில்தான் அயற்பண்ணைகளின் கதி தங்கியிருக்கிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்களில் இறங்கும் காட்டுப்பன்றிகளையும் இந்நோய் தாக்கக்கூடும் என்பதால், பன்றி வளர்ப்பு குறைந்த நமது பகுதிக்கும் இந்த அறிவு தேவைப்படுகிறது.

நெல் விளையும் நமது பகுதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. யப்பானிய மூளைக்காய்ச்சல் வைரசு பன்றியின் உடலில் பெருகி, வயல்நீரில் பிறக்கும் நுளம்புகள் வழியே மனிதருக்கு வருகிறது. 1980களின் நடுப்பகுதியில் அநுராதபுரத்தில் அது கொள்ளைநோயாகப் பரவியது. பன்றிக்கொட்டிலை எங்கே அமைக்கலாம், எங்கே அமைக்கக்கூடாது என்று சொல்லத் தெரிந்தவர் ஊருக்கே காவல் செய்கிறார். உறவினர் கேட்டால் தயங்காமல் இதையே சொல்லுங்கள்.

அன்றாட வேலை எப்படியிருக்கும் என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 114 நாட்கள். சீமெந்துத் தரையில் ஈன்ற குட்டிகளுக்கு மண்ணிலிருந்து இரும்புச்சத்து கிடைப்பதில்லை, தாய்ப்பாலிலும் அது போதாது. ஆகவே முதல் சில நாட்களுக்குள் ஒவ்வொரு குட்டியையும் தூக்கிப் பிடித்து, கழுத்துத் தசையில் இரும்புச்சத்து மருந்தை ஊசியால் ஏற்ற வேண்டும். தவறினால் அவை வெளிறி, மூச்சிரைத்துச் சாகும். குட்டிகள் வீரிடும், தாய் மூர்க்கமாகப் பாயும், வாடை உடையோடு வீட்டுக்கும் வரும். பெண்பிள்ளையால் இயலுமா என்று கேட்டிருந்தீர்கள். நிச்சயமாக இயலும், இன்று இந்தத் துறையில் பெண்கள் பலர் பணிபுரிகிறார்கள். விசர்நாய்த் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வதும், எலிக்காய்ச்சல் குறித்து எச்சரிக்கையாக இருப்பதும் அவசியம்.

வேலைவாய்ப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். நமது மாவட்டத்தில் அரச கால்நடை வைத்தியராக வந்தால், அவர் பெரும்பாலும் பார்க்கப்போவது மாடும் எருமையும் ஆடும்தான். பன்றிகளையே பார்க்க விரும்பினால், பெரிய பண்ணைகள் செறிந்துள்ள புத்தளம், கம்பஹா மாவட்டங்களின் கரையோரத்தில் பணியாற்ற வேண்டிவரும். அதற்குச் சரளமான சிங்களம் தேவை. பெறுபேறு வரும்வரையுள்ள மாதங்களில் அதைக் கற்கத் தொடங்கட்டும்.

கால்நடை மருத்துவத்துக்குத் தேவையான குறைந்தபட்சப் புள்ளியான வெட்டுப்புள்ளி கைகூடாவிட்டால், வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு விவசாயப் பட்டத்தில் விலங்கு விஞ்ஞானம் படிக்கலாம். ஆனால் அந்தப் பட்டம் பெற்றவர் தீனி, இனவிருத்தி, பண்ணை முகாமைத்துவம் ஆகியவற்றில் பணிபுரியலாமே தவிர, கால்நடை வைத்தியராகப் பதிவுபெற முடியாது. இவ்வேறுபாட்டை மகள் முன்கூட்டியே அறிந்திருக்கட்டும்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்பு வரிசையை நிரப்புவதற்கு முன், உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் அனுமதி கேட்டு, மகளைச் சில நாட்கள் உடனிருந்து பார்க்கச் செய்யுங்கள். பன்றிப் பண்ணைக்கு மட்டும் நீங்களாக அழைத்துச் செல்ல வேண்டாம். வெளியாரின் பாதணியோடும் நோய் உள்ளே போகும். வைத்தியர் அழைத்தால், அவர் சொன்னபடி கிருமிநீக்கிய பூட்ஸ் அணிந்து செல்லட்டும்.