இரண்டு நாளிதழ்கள்

அன்புள்ள ஐயா,

தேனி மாவட்டக் கூடலூரில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். 2024 ஜூலை இறுதியில் வயநாட்டு நிலச்சரிவு நடந்த சில நாட்களில், முல்லைப் பெரியாறு அணை உடைந்துவிட்டதாக ஒரு காணொளி இங்கே எல்லார் கைபேசியிலும் சுற்றியது. அணைக்குக் கீழே கேரளத்திலிருக்கும் வண்டிப்பெரியாற்றில் உறவினர்கள் உள்ள மாணவி ஒருத்தி வகுப்பிலேயே அழுதுவிட்டாள். அது பொய் என்று சொல்லித் தேற்றினேன். வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தபோது, காணொளியிலிருந்த பலகை எழுத்து தமிழும் அல்ல, மலையாளமும் அல்ல. ஊடகக் கல்வியை எந்த வகுப்பில் தொடங்கலாம்? கைபேசியை அறவே தடுத்துவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுள்ளார்.)

அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்தச் சிறுமியின் அழுகை இரண்டு நாட்களாக என்னோடு இருக்கிறது. நானும் வண்டிப்பெரியாற்று லயத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவன். அணைக்குக் கீழே வாழ்வதென்றால் என்னவென்று அறிந்தவன். ஆனாலும் உங்களைக் கடிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. பலகையின் எழுத்தை நீங்கள் வீட்டில் தனியாகப் பார்த்தீர்கள். வகுப்பில் 'பொய்' என்ற ஒரு சொல்லை மட்டும் கொடுத்தீர்கள். கைபேசியை நம்பிய குழந்தை இப்போது உங்களை நம்புகிறது, அவ்வளவுதான். எல்லையில் வளரும் பிள்ளைகளுக்கு இரண்டு எழுத்துகளும் கண்ணுக்குப் பழக்கம். காணொளியை நிறுத்தி, "இது எந்த ஊர் எழுத்து?" என்று கேட்டிருந்தால் அவர்களே கண்டுபிடித்திருப்பார்கள்.

கைபேசித் தடையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. வதந்தி கைபேசிக்கு மூத்தது. எந்த வகுப்பு என்பதும் பெரிய கேள்வியல்ல. கண்ணூர் மாவட்டத்தில் 2018இல் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் 'சத்தியமேவ ஜெயதே' என்ற பெயரில் பொய்ச்செய்தியைப் பற்றி வகுப்பு நடத்தினார்கள். தடுப்பூசியைப் பற்றிப் பரவிய வதந்தியால் பெற்றோர் அஞ்சியதே அதற்குத் தூண்டுதல். அவர்கள் பாடத்திட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை.

எனக்குப் பாடம் நடத்தியவர் என் தந்தை. தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளியான அவருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். கோட்டயத்திலிருந்து வரும் மலையாள நாளிதழ் விடியும் முன்பே சாயாக்கடைக்கு வந்துவிடும். குமுளி வழியாகப் பேருந்தில் வரும் தமிழ் நாளிதழ் பிறகுதான் வரும். இரண்டையும் பெஞ்சில் அருகருகே விரித்து, மலையாளத்தை என்னை உரக்க வாசிக்கச் சொல்லிவிட்டு, "இதிலே இருக்கிறது அதிலே ஏன் இல்லை?" என்று கேட்பார். 2014 நவம்பரில், 35 ஆண்டுகளுக்குப் பிறகு அணையின் நீர்மட்டம் 142 அடியைத் தொட்ட காலையிலும், முதுமையில் கண் மங்கியிருந்த அவர் அதையே கேட்டார். தமிழ் நாளிதழில் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளின் மகிழ்ச்சி. மலையாள நாளிதழில் அணைக்குக் கீழேயுள்ள வள்ளக்கடவு மக்களின் அச்சம். இரண்டும் உண்மை. ஆனால் 14,707 ஏக்கர் இருபோக வயல் அந்தத் தண்ணீரை நம்பியிருப்பதை ஒன்று சொல்லவில்லை. அணைக்குக் கீழே லயங்களில் தமிழர்களும் உறங்குகிறார்கள் என்பதை மற்றொன்று சொல்லவில்லை. பொய்யை அடையாளம் காண்பது ஊடகக் கல்வியின் எளிய பாதி. உண்மையான செய்தி எதை விட்டுவிட்டது என்று காண்பதே கடினமான பாதி, அதற்கு ஒரே நாளின் இரண்டு நாளிதழ்கள் வேண்டும். இந்திய மாணவர்களில் மிகச் சிலருக்கே கிடைக்கும் இந்த வாய்ப்பு உங்கள் ஊரிலிருந்து ஒரு மலையேற்றத் தொலைவில் இருக்கிறது, நீங்களோ எந்தப் புத்தகம், எந்த வகுப்பு என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்!

2011ஐ நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது. அந்த ஆண்டு இடுக்கியில் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டிருந்ததால் எல்லாரும் ஏற்கெனவே அஞ்சியிருந்தோம். டிசம்பரில் ஓர் இரவு, அணைச் சுவர் விரிந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. முழங்கால் வலியுள்ள அம்மாவை நானும் தம்பியும் தூக்கிக்கொண்டு தேயிலைச் சரிவில் ஏறினோம். அதே நேரத்தில் கம்பத்திலிருந்து சித்தி தொலைபேசியில் கதறினாள்: லயத்துத் தமிழர்களை வெட்டுகிறார்கள் என்று அவளுக்கு வேறொரு செய்தி வந்திருந்தது. அவள் எங்கள் உயிருக்கு அழுதாள். நாங்கள் தண்ணீருக்கு அஞ்சி மேலே நின்றோம். அப்போது சாயாக்கடைச் சேட்டன் ஒரு டார்ச் விளக்குடன் பாலம் வரை இறங்கிப் போனார். பெரியாற்றின் நடுவிலுள்ள பாறை வழக்கம்போல வெளியே தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "பாறை அங்கேதான் இருக்கிறது, பிள்ளைகளைக் கீழே கூட்டிவாருங்கள்" என்றார். அந்த மலையாளியின் சொல்லைக் கேட்டு இருபது வீட்டார் இறங்கினோம். அவர் எங்களைத் தேற்ற வந்தவரல்லர். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். உங்கள் வகுப்பில் அன்று இல்லாமல் போனது அந்தப் பாலம் வரையிலான நடைதான்.

அந்த மாணவியிடம், அவளுடைய உறவினர் வீட்டுக்கு வரும் மலையாள நாளிதழை வாரம் ஒருமுறை குமுளிப் பேருந்தில் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். அதே நாளின் தமிழ் நாளிதழை நீங்கள் வாங்குங்கள். மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர் ஊரில் நிச்சயம் இருப்பார். இல்லையென்றால் ஒரு சனிக்கிழமை நானே வருகிறேன்.

அன்புடன்.