நேர்காணல் உடை: நின்று பார்த்தால் போதாது

கேள்வி: முதல் வேலைக்கான நேர்காணல். புடவையா, சுடிதாரா, பேன்ட் சட்டையா என்று முடிவுக்கே வர முடியவில்லை. எது சரி?

பதில்: மூன்றுமே சரிதான். அந்த அலுவலகத்தில் அன்றாடம் என்ன உடுத்துகிறார்களோ, அதற்கு ஒரு படி மேலே உடுத்துங்கள். எல்லோரும் ஜீன்ஸ், டிஷர்ட்டில் வரும் இடம் என்றால் காலர் வைத்த சட்டையும் பேன்ட்டும், அல்லது வேலைப்பாடு இல்லாத குர்தி போதும். வங்கி, சட்டம், தணிக்கை போன்ற துறைகள் என்றால் பிளேஸரோ, மடிப்புக் கலையாமல் கட்டிய புடவையோ பொருந்தும். நிறுவனத்தின் இணையதளத்தில் ஊழியர்களின் படங்கள் இருந்தால் பாருங்கள். ஆண்டு விழாப் படத்தை மட்டும் நம்பாதீர்கள். அப்போதும் தெரியவில்லை என்றால், அழைப்பு அனுப்பியவரிடமே "உடை விதி ஏதாவது உண்டா?" என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். தயங்க வேண்டிய கேள்வியே இல்லை அது.

எதை எடுத்தாலும் உங்களுக்குப் பழகிய உடையாக இருக்கட்டும். வருடத்துக்கு ஒரு தடவை புடவை கட்டுகிறவர் அன்றைக்குப் பார்த்துக் கட்டினால் கை முந்தானையை விட்டு நகராது, பதிலில் கவனமும் நிற்காது.

கேள்வி: நிற்கும்போது சட்டை கச்சிதமாக இருக்கிறது. உட்கார்ந்தால் மார்புப் பகுதியில் இரண்டு பொத்தான்களுக்கு நடுவே விரிகிறது. ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் இடுப்பு தொளதொளவென்று ஆகிறது. என்ன செய்வது?

பதில்: நிறையப் பெண்களுக்கு இருக்கும் தொல்லை இது. சட்டையை மார்பளவுக்கு வாங்கி, பக்கத் தையலைப் பிடித்து இடுப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். இடுப்பைக் குறைப்பது தையல்காரருக்குச் சின்ன வேலை. மார்பளவைக் கூட்டவோ உள்ளே துணியே இருக்காது. கையில் இருக்கும் சட்டையையே போட்டாக வேண்டும் என்றால், விரிகிற இடத்தில் உள்பக்கமாக ஒரு சிறிய பிரஸ் பட்டன் தைத்துவிடுங்கள். ஊக்கு குத்தினால் துணி அந்தப் புள்ளியில் இழுபட்டு, இன்னும் கண்ணில் படும்.

பிளேஸருக்குக் கணக்கே வேறு. அதைத் தோளுக்குப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பேடும் லைனிங்கும் இருப்பதால் தோளைப் பிரித்துத் தைப்பது பெரிய வேலை. தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்திலேயே முடிய வேண்டும். முன்பக்கம் மூடவில்லை என்றால் பொத்தான் போடாமல் விட்டுவிடலாம்.

புது பிளேஸரின் பின்பக்க வெட்டில் பெருக்கல் குறி போலக் கனமான நூலில் ஒரு தையல் இருக்கும். கடையில் தொங்கும்போது கலையாமல் இருக்கப் போட்டது. அதைப் பிரித்துவிட்டுத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் உட்காரும்போது துணி விரிய இடமில்லாமல் பின்பக்கம் உப்பிக்கொள்ளும். கைப்பகுதியின் வெளிப்புறத்தில் பிராண்ட் பெயர்த் துண்டு லேசாகத் தைக்கப்பட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இரண்டையும் கவனிக்காமலே போகிறவர்கள் பலர்.

பிறகு கண்ணாடிக்கு எதிரே நாற்காலி போட்டு 10 நிமிடம் உட்காருங்கள். கீழே கிடக்கும் ஃபைலைக் குனிந்து எடுங்கள், கை குலுக்குவதுபோல் நீட்டுங்கள். கழுத்து இறங்குகிறதா, இடுப்பில் துணி ஏறுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். இந்த ஒத்திகையை இரண்டு நாள் முன்னதாகவே செய்யுங்கள், தைத்துச் சரிசெய்ய நேரம் வேண்டுமே.

கேள்வி: புடவைதான் கட்டப் போகிறேன். போய்ச் சேர்வதற்குள் கலையாமல் இருக்க வழி?

பதில்: காலணியைப் போட்டுக்கொண்டு கட்டுங்கள். வெறுங்காலில் கட்டிவிட்டு ஹீல்ஸ் மாட்டினால் கணுக்கால் வரை தூக்கிக்கொள்ளும். துணியைப் பொறுத்தவரை, கஞ்சி போட்ட காட்டன் விறைப்பாக நிற்கும், ஆனால் அரை மணி நேரப் பயணத்தில் மடியில் கோடு கோடாகச் சுருங்கிவிடும். ஜார்ஜெட் சுருங்காது, வழுக்கும். காட்டனும் பட்டும் கலந்த துணி இரண்டுக்கும் நடுவில் நிற்கும். முந்தானையை மடித்துத் தோளில் ஊக்கு குத்தும்போது, பிளவுஸின் உள்பக்கம் ஒரு சிறு துணித் துண்டை வைத்து அதையும் சேர்த்துக் குத்துங்கள். இழுவிசை துண்டில் இறங்கும், பிளவுஸ் கிழியாது. கொசுவத்தையும் உள்பக்கமாக ஒரு ஊக்கில் சேர்த்த பிறகே செருகுங்கள்.

கேள்வி: பதற்றத்தில் அதிகம் வியர்க்கிறது. கைக்கு அடியில் ஈரம் தெரிகிறது.

பதில்: சாம்பல் நிறத்தையும் வெளிர் நீலத்தையும் தவிருங்கள். நனைந்த இடம் அடர்ந்து பளிச்சென்று காட்டிக்கொடுக்கும் நிறங்கள் அவை. வெள்ளை, கருநீலம், கறுப்பில் அவ்வளவாகத் தெரியாது. டியோடரன்ட் வாடையை மட்டும்தான் குறைக்கும். வியர்வையைக் குறைப்பது ஆன்டிபெர்ஸ்பிரன்ட். அதை முதல் நாள் இரவே உலர்ந்த தோலில் தடவுங்கள், வியர்வை குறைவாக இருக்கும் நேரத்தில்தான் அது நன்றாகப் பிடிக்கும். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளை உள்ளாடை எடுத்துக் காட்டும், உங்கள் தோல் நிற உள்ளாடை தெரியாது. வாசனைத் திரவியம் வேண்டாம். மூடிய சிறு அறையில் எதிரே இருப்பவருக்கு அது தலைவலியாகிவிடலாம்.

கேள்வி: காணொலி நேர்காணலுக்கு?

பதில்: நெருக்கமான கோடுகளும் பொடிக் கட்டங்களும் திரையில் அலை அலையாக நெளியும். தூய வெள்ளையில் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வதால் முகம் இருண்டுவிடும். கோடு, பூ இல்லாத நடுத்தர நிறம் நல்லது. வளையலும் தொங்கும் காதணியும் மைக்கில் சத்தமாகக் கேட்கும். இடுப்புக்குக் கீழேயும் முழுதாக உடுத்துங்கள், நடுவில் எழுந்திருக்க நேரலாம்.

கேள்வி: தொழிற்சாலையில் பொறியாளர் வேலை. உள்ளே சுற்றிக்காட்டுவார்களாம்.

பதில்: துப்பட்டா, தொங்கும் நகை, திறந்த செருப்பு மூன்றும் கூடாது. சுழலும் இயந்திரம் துணியை இழுத்துக்கொள்ளும். பேன்ட், சட்டை, விரல் மூடிய தட்டையான ஷூ, பின்னிக் கட்டிய தலைமுடி. ஷூ புதிது என்றால் ஒரு வாரம் வீட்டில் தினமும் அரை மணி நேரம் போட்டு நடந்து பழக்குங்கள். அப்படியும் குதிகால் உரசினால் ஒட்டுவதற்கு இரண்டு பிளாஸ்திரி பையில் இருக்கட்டும்.