கல்லைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள்

கேள்வி: ஆத்தங்குடியில் எங்கள் குடும்பம் டைல்ஸ் பட்டறை நடத்துகிறது. எனக்கு வயது 26, தமிழ் வழியில் படித்து பி.காம் முடித்தேன். கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் பட்டறைக்கும் வருகிறார்கள். அவர்கள் கேட்பது பாதிக்கு மேல் புரிகிறது. பதில் சொல்லத்தான் வாய் வருவதில்லை. கூட வரும் கைடே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். காரைக்குடியில் மூன்று மாதம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போனேன், டென்ஸை மறுபடி படித்ததுதான் மிச்சம். கிராமரை முதலிலிருந்து படிக்கவா, வேறு வகுப்பில் சேரவா?

தம்பி, கிராமரை முதலிலிருந்து தொடங்க வேண்டாம். வகுப்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

புரிகிறது, ஆனால் பேச வரவில்லை என்கிறீர்களே, இதை ஆராய்ச்சியாளர்கள் நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் கணக்கு, வரலாறு எல்லாவற்றையும் பிரெஞ்சிலேயே படிக்கும் பள்ளிகள் உண்டு. அவர்களைப் பல வருடம் ஆராய்ந்த மெரில் சுவெய்ன் 1985இல் ஒரு முடிவைச் சொன்னார். கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதில் அந்தப் பிள்ளைகள் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். பேச்சிலும் எழுத்திலும் மட்டும் பின்தங்கியே இருந்தார்கள். கேட்கும்போது பாதிச் சொல் விட்டுப்போனாலும் சூழலை வைத்து அர்த்தத்தைப் பிடித்துவிடலாம். பேசும்போது அப்படி முடியாது, ஒவ்வொரு சொல்லையும் நாமே எடுத்து வைத்தாக வேண்டும். அந்த வேலையைத் தனியாகச் செய்து பழகாமல் வாய் திறக்காது. உங்களுக்கு இதுவரை அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. வகுப்பில் ஆசிரியர் பேசினார், பட்டறையில் கைடு பேசுகிறார்.

சரி, எதைப் பேசிப் பழகுவது? இங்கேதான் உங்களிடம் பெரிய சொத்து இருக்கிறது. கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலரை ஊற்றி, மேலே சிமெண்ட் கலவை போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் வேலையை உங்களைவிட நன்றாக அந்த விருந்தினர் யாருக்கும் தெரியாது. என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியதில்லை. எப்படிச் சொல்வது என்பதற்கே மூளை முழுவதையும் கொடுக்கலாம்.

சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ்.பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர் போன்ற ஊர்ப் பள்ளிகளில் ஒரு சோதனை செய்தார். கிராமர் பாடமே இல்லை. ரயில் நேர அட்டவணையைக் கொடுத்து எந்த ரயிலைப் பிடிப்பது, வரைபடத்தைக் கொடுத்து எந்த வழியில் போவது என்று பிள்ளைகளை ஆங்கிலத்தில் யோசிக்க வைத்தார்கள். பிறகு பரிசோதித்தபோது, வாக்கிய அமைப்புத் தேர்வில் வழக்கமான வகுப்புப் பிள்ளைகள் முந்தினார்கள். கேட்டுப் புரிந்துகொள்வதிலும் டிக்டேஷனிலும் பிரபுவின் பிள்ளைகள் முந்தினார்கள். எதைப் பழகுகிறோமோ அது வளர்கிறது. நீங்கள் எழுதப் போவது பரீட்சை இல்லை. பட்டறை வாசலில் நிற்பவருக்கு உங்கள் டைல்ஸ் கல்லைப் புரியவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி செய்முறை. கல் எப்படி உருவாகிறது என்பதை நான்கு நிமிடம் ஆங்கிலத்தில் ஒருவரிடம் சொல்லுங்கள். அதையே இன்னொருவரிடம் மூன்று நிமிடத்தில், மூன்றாமவரிடம் இரண்டு நிமிடத்தில். அக்கா மகள், கல்லூரி நண்பன், யாராக இருந்தாலும் சரி. ஆள் கிடைக்காத நாளில் செல்போனில் பதிவு செய்யுங்கள். நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 1989இல் இந்த முறையைச் சோதித்தார். மூன்றாவது தடவைக்குள் பேச்சு வேகம் கூடி, தயக்கம் குறைந்தது. ஒரே விஷயத்தை மனப்பாடம் செய்தால் வேறு விஷயம் எப்படி வரும் என்று நீங்கள் கேட்கலாம். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வொரு தடவையும் புதிய தலைப்பில் பேசிய மாணவர்களையும், ஒரே தலைப்பைத் திரும்பத் திரும்பப் பேசியவர்களையும் ஒப்பிட்டார்கள். திரும்பச் சொன்னவர்களுக்குத்தான் அந்தச் சரளம் பின்னாலும் நிலைத்தது, புதிய தலைப்பிலும் தெரிந்தது. ஆனால் எழுதி வைத்துப் படிக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் வாக்கியத்தை அப்போதே கட்ட வேண்டும்.

இதில் தமிழ் பேசும் நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பல வருடம் வகுப்பில் பார்த்ததால் சொல்கிறேன். 'கலரை ஊத்தி, மேல தூளைப் போட்டு, அமுக்கி, தண்ணியில ஊறவச்சு எடுப்போம்' என்று வினையெச்சமாக அடுக்கிக்கொண்டே போய் வினைமுற்றைக் கடைசியில் வைப்பது நம் வழக்கம். அந்த நீளத்தை அப்படியே ஆங்கிலத்தில் தூக்கப் பார்த்தால் நடுவழியில் மூச்சு நின்றுவிடும். ஒவ்வொரு வினையெச்சத்தையும் தனி வாக்கியமாக உடையுங்கள். 'ஃபர்ஸ்ட் வீ போர் த கலர். தென் வீ ஆட் டிரை சிமெண்ட். தென் வீ பிரஸ் இட்.' சின்னப் பிள்ளை பேசுவது போல இருக்கிறதே என்று கூச்சப்படாதீர்கள், கேட்பவருக்கு இதுதான் தெளிவு. 'வீ டோன்ட் பேக் இட்' (நாங்கள் இதைச் சுடுவதில்லை) என்று ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் என்றாலே சூளையில் சுடுவது என்றுதான் வருகிறவர்களில் நிறையப் பேர் நினைத்திருப்பார்கள். உங்கள் கல்லைச் சுடுவதே இல்லை என்றதும் அடுத்த கேள்வி அவர்களிடமிருந்து தானாக வரும்.

அந்தக் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். எத்தனை நாள் ஊறவேண்டும், பளபளப்பு எப்படி வருகிறது, எங்கள் ஊருக்கு அனுப்ப முடியுமா என்று பத்துப் பதினைந்து கேள்விகளே சுற்றிச் சுற்றி வரும். அதற்கான பதில்தான் உங்கள் அடுத்த பாடம்.

தப்பு வந்தால்? வரட்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் தப்பாகச் சொன்னதை விருந்தினர் இயல்பாகத் திருத்தித் திரும்பச் சொல்வார். மான்ட்ரியல் வகுப்பறைகளில் லிஸ்டரும் ராண்டாவும் ஆராய்ந்து 1997இல் வெளியிட்டதில், ஆசிரியர்கள் அதிகம் செய்தது இந்த வகைத் திருத்தம்தான்; மாணவர்கள் மிகக் குறைவாகக் காதில் வாங்கிக்கொண்டதும் இதைத்தான். 'ஆமாம்' என்று தலையாட்டிவிட்டுப் போகாமல், அவர் சொன்ன வாக்கியத்தை உடனே ஒரு தடவை நீங்களும் சொல்லுங்கள்.

உச்சரிப்புக் கவலை வேண்டாம். தாய்மொழி வாடை தூக்கலாக அடித்தாலும் பேச்சு நன்றாகப் புரியக்கூடும் என்பதை மன்ரோ, டெர்விங் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1995இலேயே காட்டிவிட்டார்கள்.

அப்புறம் அந்த வகுப்பு. சேருமுன் ஒரு நாள் உள்ளே உட்கார்ந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு மாணவர் எத்தனை நிமிடம் பேசுகிறார் என்று எண்ணுங்கள். இரண்டு மூன்று நிமிடம்தான் என்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள், அக்கா மகளிடம் பேசுவதே மேல். ஐந்து வாரம் கழித்து, கண்ணாடியிலிருந்து கல்லைப் பிரித்தெடுக்கும் இடத்தை மட்டும் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள். கேட்டுவிட்டு எழுதுகிறேன்.