பிரிந்தவர் கூடினால் விலை பேச வேண்டும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பிரிந்துபோன பழைய ராக் குழுக்கள் திரும்பவும் கூடி ஊர் ஊராக வாசிக்கப் புறப்பட்டிருக்கிறார்கள்; போவதா, விடுவதா, வாங்கியது மோசம் போனால் யாரைப் பிடிப்பது? குளிர்சாதனப் பெட்டிக்காரரும் கேஸ் அடுப்புக்காரரும் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளவும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கனடாவின் ரஷ் குழு 2026இல் மீண்டும் மேடையேறுகிறது. டொரொன்டோவில் அக்கா இருக்கிறா, தங்குவதற்குச் செலவில்லை. ட்ரம்ஸ்காரர் நீல் பியர்ட் இல்லாத ரஷ் வெறும் காசு பார்க்கும் வேலை என்கிறார் என் கணவர். வாங்கலாமா?
*வாசகி, தெஹிவளை*

உங்கள் கணவர் கவலைப்படலாம். ஏமாற்றிவிட்டார்கள் என்று மட்டும் சொல்ல முடியாது. பியர்ட் 2020 ஜனவரி 7இல் காலமானார். குழு கடைசியாக முழுச் சுற்றை முடித்தது 2015 ஓகஸ்ட் 1, லொஸ் ஏஞ்சலிஸில். இப்போது பழைய ஆட்களில் கெடி லீயும் அலெக்ஸ் லைஃப்சனும், ட்ரம்ஸ் வாசிக்கப்போவது ஜெர்மனியைச் சேர்ந்த அனிகா நிலெஸ் என்று முதல் அறிவிப்பிலேயே பெயர் சொல்லிவிட்டார்கள். உள்ளே என்ன சரக்கு என்று பெட்டிக்கு மேலேயே எழுதி விற்கும் கடையோடு எனக்குச் சண்டையில்லை. காசுக்காகவா என்றால், ஓம். டிக்கெட் விற்கிறவர் வேறு எதற்கு விற்பார்?

குழுவின் பெயர் ஒன்றாகவே இருக்கும், மேடையில் நிற்பவர்கள்தான் மாறுவார்கள். 2007 டிசம்பர் 10இல் லண்டனில் லெட் செப்பெலின் கூடியபோது காலஞ்சென்ற ட்ரம்ஸ்காரரின் இடத்தில் அவருடைய மகன் ஜேசன் இருந்தார். பாடியவர் பழைய ரொபேர்ட் பிளான்ட்தான். ஈகிள்ஸில் கிளென் ஃப்ரே 2016இல் போன பிறகு அவருடைய மகன் டீக்கனும் வின்ஸ் கில்லும் வந்தார்கள். லினர்ட் ஸ்கினர்டில் கடைசி மூல உறுப்பினரான கேரி ரொஸிங்டன் 2023 மார்ச்சில் இறந்தும் அந்தப் பெயரில் குழு வாசித்துக்கொண்டிருக்கிறது. இவை மூன்றும் மூன்று வேறு பொருட்கள், மூன்றுக்கும் ஒரே விலை கொடுக்கக் கூடாது. வாங்க முன்னர் குழுவின் சொந்த அறிவிப்பில் ஆட்களின் பெயரைப் பாருங்கள். பெயரில்லாமல் வெறும் இலச்சினையும் தீப்பிழம்புமாக இருந்தால் அங்கேயே சந்தேகம் வரவேண்டும். சுற்று தொடங்கிவிட்டதென்றால் போன வாரக் காணொளி ஒன்றில் பாடகரின் குரலைக் கேளுங்கள். ட்ரம்ஸ்காரர் மாறினால் பழகிவிடும். குரல் போயிருந்தால் பழகாது.

லெட் செப்பெலின் “உலகச் சுற்று 1983” என்று முதுகில் அச்சிட்ட அசல் டீ சேர்ட், 14,000 ரூபாய். நியாயமான விலையா?
*வாசகர், பம்பலப்பிட்டி*

குழுவின் ட்ரம்ஸ்காரர் ஜோன் பொன்ஹம் 1980 செப்டெம்பர் 25இல் இறந்தார். டிசம்பர் 4இல் குழு முடிந்தது. 1983இல் சுற்றியது யார்?

லண்டன் நிகழ்ச்சி ஒன்றுக்கு இணைய வரிசையில் மூன்று மணித்தியாலம் நின்றேன். என் முறை வந்தபோது அறிவித்த விலையில் டிக்கெட் இல்லை. பதற்றத்தில் இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து “பிளாட்டினம்” எடுத்துவிட்டேன். கூடுதலாக என்ன கிடைக்கும்?
*வாசகர், வெள்ளவத்தை*

ஒன்றுமே கிடைக்காது. பக்கத்துக் கதிரைக்காரர் பார்ப்பதையே நீங்களும் பார்ப்பீர்கள்.

இதைப் பற்றி எழுத நெடுநாளாக நாக்கு அரிக்கிறது. 2024 ஓகஸ்ட் 31இல் ஒயேசிஸ் குழுவின் டிக்கெட் விற்பனைக்கு வந்தபோது, சுமார் 150 பவுண் என்று நினைத்து நின்ற ரசிகர்களுக்கு அதே நிற்கும் இடம் 355 பவுண் என்று திரையில் வந்தது. பிரித்தானியாவின் போட்டி மற்றும் சந்தை அதிகாரசபை டிக்கெட்மாஸ்டரை விசாரித்தது. தேவைக்கேற்பக் கணினி நொடிக்கு நொடி விலையை ஏற்றியதென்று எல்லாரும் திட்டினோம். நடந்தது அதைவிடச் சாதாரணமான வேலை. ஒரே இடத்துக்கு இரண்டு விலை வைத்து, குறைந்த விலையில் உள்ளதை முதலில் விற்று முடித்துவிட்டு மற்றதைத் திறந்தார்கள். இரண்டு விலை இருப்பதை வரிசையில் நின்றவர்களுக்குச் சொல்லவில்லை. “பிளாட்டினம்” என்ற பெயரில் ஏறக்குறைய இரண்டரை மடங்குக்கு விற்றதிலும் தனிச் சலுகை எதுவும் இல்லை. இப்படி அடுக்கு விலை வைத்தால் 24 மணித்தியாலம் முன்பே சொல்வோம் என்று 2025 செப்டெம்பரில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். புறக்கோட்டையில் வெங்காயக்காரர் வரிசையின் நடுவில் விலைப் பலகையைத் திருப்பிவைத்தால் கைகலப்பு வரும். பிள்ளை வயதில் கேட்ட பாட்டு என்றதும் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு அட்டையை நீட்டுகிறோம். விற்பவருக்கும் அது நன்றாகத் தெரியும்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். கோடைகாலத்தில் பிரித்தானிய நேரம் எங்களைவிட நாலரை மணித்தியாலம் பின்னால். அங்கே காலை 9 என்றால் கொழும்பில் பிற்பகல் 1.30. குளிர்காலத்தில் 2.30. முதல் நாளே கணக்குத் திறந்து முகவரியையும் அட்டையையும் பதிந்துவைக்கவும். வெளிநாட்டு இணையக் கொள்வனவு உங்கள் அட்டையில் திறந்திருக்கிறதா, எல்லை எவ்வளவு என்று வங்கியிடம் கேட்கவும். பலருக்குக் காசு இருந்தும் டிக்கெட் தவறுவது இங்கேதான். ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேர முன்னர் கூடை காலாவதியாகிவிடும். விற்பனை தொடங்க முன்னர் காத்திருப்பு அறைக்குள் போய்விட்டால் பெரும்பாலும் எல்லாருக்கும் குலுக்கல் முறையில் இடம் தருவார்கள், ஆகவே விடியற்காலையிலேயே போய் இருப்பதில் பயனில்லை, தொடங்கிய பிறகு போனால் வால்தான். ஒரு கருவி, ஒரு பக்கம் போதும். பத்துப் பக்கம் திறந்தால் ரோபோ என்று வெளியே தள்ளிவிடும். ரூபாயிலா பவுணிலா என்று கேட்டால் பவுண் என்று அழுத்துங்கள், ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் இன்னொரு கை நுழையும். உங்கள் உச்ச விலையை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அதற்கு மேல் காட்டினால் மூடிவிட்டு எழும்புங்கள். மேடை அமைப்பு முடிவானதும் ஒதுக்கி வைத்த கதிரைகள் சில, நிகழ்ச்சிக்குக் கிட்டவாகப் பழைய விலைக்கே வெளிவருவதுண்டு.

லண்டன் டிக்கெட் மலிவாகக் கிடைத்ததென்று நான்கு வாங்கினேன். விமானத்துக்கும் பதிந்த பிறகுதான் அது கனடா, ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் என்று தெரிந்தது. பணம் திரும்புமா?
*வாசகர், கொட்டாஞ்சேனை*

திரும்பாது. விலை டொலரில் இருந்திருக்கும், முகவரி இருந்திருக்கும், கட்ட முன்னர் இன்னொரு தடவை எல்லாவற்றையும் காட்டியிருக்கும். உத்தியோகபூர்வ மறுவிற்பனை வசதி அந்தத் தளத்தில் இருந்தால் இன்றே போடுங்கள். நான்கு டிக்கெட், ஐயா. நான்கு தடவை அந்த ஊர்ப் பெயர் கண்ணில் பட்டிருக்குமே.

நான் உயர்தரம் எழுதிவிட்டு வேலை செய்கிறேன். மும்பாய் நிகழ்ச்சிக்கு முகநூலில் ஒருவர் இரண்டு டிக்கெட் இருப்பதாகச் சொன்னார். வங்கிக் கணக்குக்குப் பணம் போட்டேன். கியூஆர் குறியீடு உள்ள திரையைப் படம் பிடித்து அனுப்பினார். இப்போது முகநூலில் என்னைத் தடைசெய்திருக்கிறார். நான் மடையனா?
*வாசகர், மட்டக்குளி*

இல்லைத் தம்பி. உம்மைப் பேய்க்காட்டினவன் இதைத் தொழிலாகச் செய்கிறான். நீர் ஒரு தடவை நம்பினீர், அவ்வளவுதான்.

இன்றைக்கே செய்ய வேண்டியவை. உம்முடைய வங்கிக்குத் தொலைபேசி எடுத்து மோசடிப் பரிமாற்றம் என்று பதிந்து, பெறுபவரின் வங்கிக்கு அறிவிக்கச் சொல்லும். பணம் அந்தக் கணக்கில் இன்னும் கிடந்தால்தான் பிடிக்கலாம், ஆகவே மணித்தியாலக் கணக்கு. பிறகு பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவுக்கும் எழுதலாம். கணக்கு இலக்கம், பரிமாற்ற இலக்கம், முழு உரையாடல், அவருடைய முகநூல் பக்கத்தின் இணைப்பு எல்லாம் வேண்டும். பெயரை எழுதி வைத்துப் பயனில்லை, நாளைக்கு வேறு பெயர் வைப்பான், இணைப்பை வையும். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை வியாபாரிகளைத்தான் பார்க்கும், முகமில்லாத தனியாளை அல்ல. அங்கே அலைந்து நாளைக் கழிக்க வேண்டாம்.

திரையைப் படம் பிடித்து அனுப்பும் டிக்கெட்டை யாரிடமும் வாங்கக் கூடாது. பெரிய நிறுவனங்களின் கைத்தொலைபேசி டிக்கெட்டில் குறியீடு சில விநாடிக்கு ஒருமுறை மாறும், படம் வாசலில் செல்லாது. மாறாத குறியீடாக இருந்தாலும் ஒரே படத்தை இருபது பேருக்கு விற்கலாம், முதலில் வருபவர்தான் உள்ளே போவார். டிக்கெட் செயலிக்குள்ளேயே உம்முடைய மின்னஞ்சலுக்கு மாற்றப்பட்டு, உம்முடைய கணக்கில் தெரிந்த பிறகுதான் காசு. கடனட்டையில் கட்டியிருந்தால் பொதுவாக 120 நாளுக்குள் வங்கியூடாக மறுப்புத் தெரிவிக்க வழியுண்டு. வங்கிப் பரிமாற்றத்துக்கு அந்த வழி இல்லை.

மொன்றியலில் இருந்து மாமா தன் பழைய ரெக்கோர்ட் பிளேயரைக் கொடுத்தனுப்பினார். மின்மாற்றி போட்டுத்தான் பாவிக்கிறேன். ஆனாலும் பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல் இருக்கிறது. பழுதா?
*வாசகி, பொரளை*

பிளேயரில் பழுதில்லை. பின்பக்கத் தகட்டைப் பாருங்கள்: 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று இருக்கும். மின்மாற்றி வோல்ட்டைத்தான் இறக்கும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதை அது மாற்றாது. பழைய பெல்ட் பிளேயர்களின் மோட்டர் அந்த ஹேர்ட்ஸ் கணக்கில்தான் சுற்றும். நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு சுமார் 27.8தான் சுற்றுகிறது, பாட்டு ஏறக்குறைய மூன்று சுரஸ்தானம் இறங்கிக் கேட்கும். மோட்டரில் பெல்ட் ஓடும் சின்னச் சில்லை 50 ஹேர்ட்ஸுக்கு உரியதாக மாற்ற வேண்டும், விட்டம் 1.2 மடங்கு. அந்த மாதிரிக்குரிய சில்லு கிடைக்காவிட்டால் கடைசல் பட்டறையில் பித்தளையில் கடைந்து எடுக்கலாம். பழைய சில்லைக் கொண்டுபோய் அளவெடுக்கச் சொல்லுங்கள், கண் மதிப்பில் கடைந்தால் வேகம் தப்பும். பிளேயர் வெளி அடாப்டரில் நேர்மின்னோட்டத்தில் ஓடுவதாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இதை விட்டுவிட்டுப் புதிதாகச் சூட்கேஸ் வடிவப் பிளேயர் வாங்க நினைக்க வேண்டாம். அவற்றில் பலவற்றின் ஊசி 5, 6 கிராம் பாரத்தில் தட்டை உழும். நல்ல ஊசிக்கு 2 கிராம் போதும். என்னுடையதன் மேல் இப்போது பூச்சாடி இருக்கிறது. இசைத்தட்டுகளை நிமிர்த்தி வையுங்கள், கடல் பக்க யன்னலுக்குக் கிட்ட வேண்டாம், மதியம் நிறுத்திவைத்த காருக்குள் வேண்டவே வேண்டாம், வளைந்துவிடும். கொழும்பு ஈரத்தில் உள்ளுறை பூஞ்சணம் பிடிக்கும். காகித உறையை எடுத்துவிட்டுப் பொலித்தீன் உறை போடுங்கள்.

ஹோட்டல் நிகழ்ச்சி ஒன்றின் விளம்பரத்தில் உலகப் புகழ்பெற்ற குழுவின் பெயர் பெரிதாக இருந்தது. போனால் வேறு யாரோ அவர்களுடைய பாட்டுகளைப் பாடினார்கள். கேட்டதற்கு மூலையில் “சமர்ப்பணம்” என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததைக் காட்டினார்கள்.
*வாசகர், கொள்ளுப்பிட்டி*

உங்கள் கோபம் நியாயம், சட்டமும் உங்கள் பக்கம் பேசும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் அல்லது வழிநடத்தக்கூடிய நடத்தையையே தடுக்கிறது. பொடி எழுத்து இருந்தது என்பதோடு கதை முடிவதில்லை. விளம்பரத்தின் படம், டிக்கெட், பற்றுச்சீட்டு மூன்றையும் வைத்து எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள், மூன்று மாதத்துக்குள். முதலில் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். விளம்பரத்தை இப்போதே படமெடுங்கள், நாளைக்கு அதைக் கழற்றிவிடுவார்கள்.

டிக்கெட், விமானம், ஹோட்டல், விசா எல்லாம் சேர்த்த பொதிக்கு முகவர் பாதி முற்பணம் கேட்கிறார்.
*வாசகி, வத்தளை*

விசா மறுத்தால் எவ்வளவு திரும்பும், நிகழ்ச்சி தள்ளிப்போனால் எவ்வளவு, டிக்கெட் இப்போதே கையில் இருக்கிறதா? மூன்றுக்கும் கடிதத்தாளில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு முகவரானால் நடையைக் கட்டுங்கள். விசாக் கட்டணம் எப்படியும் திரும்பாது. நிகழ்ச்சி தள்ளிப்போனால் டிக்கெட் புதிய திகதிக்குச் செல்லும், விமானம் செல்லாது.

பழைய ட்ரம்ஸ்காரர் பில் வோர்ட் இல்லாமல் பிளாக் சபாத் குழு கூடியபோது இனிப் பார்ப்பதில்லை என்று சபதம் எடுத்தேன். 2025 ஜூலை 5இல் பேர்மிங்ஹாமில் நால்வரும் சேர்ந்தார்கள், 22ஆம் திகதி பாடகர் ஒஸி காலமாகிவிட்டார். இப்போது மற்றப் பழைய குழுக்கள் எதைத் தவறவிட்டாலும் பயமாக இருக்கிறது.
*வாசகர், நுகேகொடை*

அந்தப் பயத்துக்குத்தான் “கடைசிச் சுற்று” என்று பெயர் வைத்து விற்கிறார்கள். சபாத் 2017 பெப்ரவரியிலும் அதே பேர்மிங்ஹாமில் முடித்துவிட்டுத்தான் போனார்கள். உங்களுக்கு உண்மையிலேயே வேண்டிய குழு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், மீளளிப்பு உள்ள டிக்கெட்டாகப் பாருங்கள், கட்டிய அட்டையை நிகழ்ச்சி முடியும்வரை மூடாதீர்கள். மீளளிப்பு அதே அட்டைக்குத்தான் வரும்.

180 கிராம் இசைத்தட்டு என்றால் ஒலி நன்றாக இருக்குமா?
*வாசகர், மருதானை*

பாரமாக இருக்கும்.